பேருந்தை நிறுத்திய குட்டி

மெல்பேர்னுக்கு வெளியே, திறந்தவெளி விலங்குப் பூங்காவில் எங்கள் பேருந்து சட்டென்று நிற்கிறது. சற்று முன் பிறந்த வரிக்குதிரைக் குட்டியொன்று புல்வெளியில் எழ முயன்று விழுகிறது. ஓட்டுநர் சுகந்தி இன்ஜினை அணைக்கிறார். நோபல் பார்க் என்ற புறநகரில் வசிக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். நான் தமிழ் என்றதும் முன் இருக்கையில் உட்காரவைத்தவர்.

"கெதியா எழும்பிப் பால் குடிக்காட்டி தப்பாது" என்கிறார், கண்ணை எடுக்காமல்.

"ஆப்பிரிக்கா பூரா வரிக்குதிரை நிறைய இருக்குமே அக்கா?"

"எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கினம். மூண்டு இனம் இருக்கு. கிரேவி எண்ட இனம் அழியிற ஆபத்தில நிக்குது. மலை வரிக்குதிரை தென்னாப்பிரிக்காவில முடியிற நிலைக்கே போனது, காப்பாத்திப் பெருக்கினவை. இது சமவெளி இனம். இதுவும் காட்டில குறைஞ்சுகொண்டுதான் போகுது."

குட்டி மறுபடி விழுகிறது. தாய் மூக்கால் முட்டித் தள்ளுகிறது. குச்சிக் கால்கள் அகல விரிந்து நடுங்குகின்றன. இந்த முறை மடங்கவில்லை. ஓரடி வைக்கிறது. இன்னோர் அடி. பிறகு தாயின் மடியைத் தேடி முட்டிக் குடிக்கத் தொடங்குகிறது.

காலையிலிருந்து ஆங்கிலத்திலேயே விளக்கம் சொல்லிவந்த சுகந்தி, மைக்கைப் பிடித்துத் தமிழில் கத்துகிறார்: "எழும்பிட்டுது! எழும்பிட்டுது!"

ஒரு சொல்லும் புரியாத பேருந்து முழுவதும் எழுந்து நின்று கைதட்டுகிறது.