கோபிலாவின் பூர்வீகம்

கௌரிசங்கருக்குத் துபாயில் இன்ஸ்ட்ருமென்ட் வேலை. பாலைவனத்தை ஒட்டிய ஒரு பெரிய குதிரை லாயத்தில் ஏசியும் ஈரப்பதம் அளக்கும் கருவிகளும் அவர் பொறுப்பு. கருவி தப்பாகக் காட்டினால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவார். தப்பு தொடங்கிய இடம் தெரியும்வரை சாப்பிட மாட்டார். சத்வா பகுதியில் இருந்த வீட்டிலும் அதே குணம்தான். குழம்பில் உப்பு கூடினால்கூட, "எந்தக் கட்டத்துல கூடுச்சு?" என்று கேட்டு மனைவி தாமரையிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

லாயத்துக்கு மிலேனா என்ற செர்பியக் கால்நடை மருத்துவர் வந்து சேர்ந்தார். பெண்குதிரைகளின் கழுத்தைத் தட்டும்போதெல்லாம் "கோபிலா, கோபிலா" என்பார். அது பெயரா என்று கௌரிசங்கர் கேட்டார். இல்லை, எங்கள் ஊரில் பெண்குதிரைக்கே அதுதான் சொல் என்றார் மிலேனா. அங்கிருந்த ரஷ்யப் பயிற்சியாளரும் ஏறக்குறைய அதையே சொன்னார். போலந்துக்காரர் ஒருவர் சொல்லின் வால்பகுதியை மட்டும் கொஞ்சம் மாற்றிச் சொன்னார். கௌரிசங்கருக்குக் கம்பியின் நுனி கிடைத்துவிட்டது.

வருடக்கணக்கில் அதன் பின்னாலேயே போனார். வார விடுமுறைகள் அதிலேயே கரைந்தன. செர்பியன், ரஷ்யன், போலிஷ் எல்லாம் அடங்கிய ஸ்லாவிய மொழிகள் கிளை கிளையாகப் பிரிவதற்கு முன்பே அந்தச் சொல் இருந்திருக்கிறது. ரஷ்யர்கள் குதிரைக்கான பொதுச்சொல்லைத் துருக்கிய மொழிக்காரர்களிடம் வாங்கிக்கொண்டார்கள். பெண்குதிரையை மட்டும் பழைய சொல்லாலேயே கூப்பிட்டார்கள். அதற்கும் பின்னால்? லத்தீனில் சுமைக்குதிரைக்குக் கபல்லுஸ் என்று ஒரு சொல் உண்டு. இரண்டும் உறவு என்கிறார் ஒரு அறிஞர். இல்லை, இரண்டு மொழியுமே வேறு யாரிடமோ வாங்கியது என்கிறார் இன்னொருவர். அங்கே கம்பி மணலுக்குள் போய்விடுகிறது.

இதைப் பேசச் சொல்லி, அவர் உறுப்பினராக இருந்த தமிழ்ச் சங்கம் பொங்கல் விழாவில் இடம் கொடுத்தது. விழா அன்று திரைக்குப் பின்னால் செயலாளர் தியாகு அவரைப் பிடித்துக்கொண்டார்.

"சார், முடிவுல நம்ம தமிழ் வரலையே?"

"வரல தியாகு."

"வரவைங்க சார். கோ-ன்னா அரசன். பிலா-ன்னா பிள்ளை. கோப்பிள்ளை! அரண்மனைப் பிள்ளை மாதிரி வளர்க்கிற குதிரை. எவ்ளோ அழகா உக்காருது பாருங்க."

"உக்காரும். நிக்காது."

"சிரிப்பெல்லாம் அப்புறம் சார். ஸ்பான்சர் முன்வரிசைல இருக்கார். நல்லா முடிச்சீங்கன்னா மாசாமாசம் உங்க பேச்சுதான். இல்லேன்னா கமிட்டில நான் என்னன்னு சொல்றது?"

மாதாமாதம். அந்த வார்த்தை கௌரிசங்கரை அசைத்தது. தேடி வைத்திருந்த எத்தனையோ சொற்களுக்கு வீட்டில் கேட்க இனி ஆள் இல்லை. தாமரையும் பிள்ளைகளும் எப்போதோ கைதூக்கிவிட்டார்கள்.

மேடையில் நன்றாகவே பேசினார். "இதற்குப் பின்னால் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் இதுவரை உறுதியாகத் தெரியாது" என்று முடித்தார். அங்கங்கே சிலர் தட்டினார்கள்.

தியாகு மைக்கை வாங்கினார். "சார் தன்னடக்கத்தோட சொல்றார்! கோ, பிள்ளை! கோபிலா நம்ம வீட்டுப் பிள்ளைங்க!"

அரங்கம் அதிர்ந்தது. விசில் பறந்தது. ஸ்பான்சர் எழுந்து நின்று கௌரிசங்கரைப் பார்த்துத் தட்டினார். ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினால் போதும். படி வரைக்கும் போனார். அங்கே நின்றார். பிறகு திரும்பி வந்து மைக்குக்குக் கை நீட்டினார்.

"மன்னிக்கணும். நான் அப்படிச் சொல்லல. அது தமிழ்ச்சொல்னு காட்ட என்கிட்ட ஒரு ஆதாரமும் இல்ல. தமிழ்கிட்ட சொத்து நிறைய இருக்கு. அடுத்த வீட்டுக் குதிரைய நாம அவிழ்த்துட்டு வரணும்னு இல்ல."

கைதட்டல் பாதியில் நின்றது. பின்வரிசையிலிருந்து ஒருவர் சீண்டினார்: "அப்போ நம்ம குதிரைங்கிற சொல்லு எங்கேர்ந்து வந்துச்சு சார்?"

"அதுலயும் சண்டை இருக்கு. படிச்சிட்டு வந்து சொல்றேன்."

"இனிமே கூப்பிட்டாத்தானே வருவீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். கௌரிசங்கரும் சிரித்தார்.

கூப்பிடவில்லை. சென்ற மாசியில் அவர் இறக்கும்வரை கூப்பிடவில்லை.

அன்று தாமரையோடு கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்து சாவியை எடுத்தார். காரைத் திறக்கப் போனவரைத் தாமரை தடுத்தார்.

"சாப்பாட்டு டோக்கன் வாங்கலியேங்க."

"இப்ப எப்படிப் போய் நிக்கறது? வெளிய சாப்டுக்கலாம்."

"நாம என்ன திருடிட்டா போறோம்? வாங்க."

அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு அதே கூட்டத்துக்குள் திரும்பப் போனார் தாமரை. பட்டுப்புடவை, நிமிர்ந்த தலை. டோக்கன் மேசையில் இருந்த பெண்ணுக்கு இவர்களைத் தெரியவில்லை. எந்தக் குடும்பம் என்று கேட்டாள்.

"தெரியாதுன்னு மேடையில சொன்னாரே, அவர் குடும்பம்" என்றார் தாமரை, வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி.