இருட்டுக்குள் என் கணீர்க் குரல்

போன சனிக்கிழமை பொழியூரில் நான் பேசிய பேச்சில் வானமே தலையில் விழுந்துவிட்டது. மிகைப்படுத்தவில்லை... நிஜமாகவே விழுந்தது!

நானும் நண்பன் ஜஸ்டினும் லீவு நாட்களில் ஒரு கோளரங்கத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். காற்றடைத்த துணிக் கூடாரம். ஓயாமல் ஓடும் ஃபேன்தான் அதை நிமிர்த்தி வைத்திருக்கும். உள்ளே கும்மிருட்டு. புரொஜக்டர் மேலே நிலாவையும் நட்சத்திரங்களையும் காட்ட, நான் மைக்கில் விளக்குவேன். ஃபேன் ஜஸ்டின் பொறுப்பு.

ஷோ முடிந்து வருகிறவர்கள் நட்சத்திரங்களையா புகழ்வார்கள்? "சாருக்க குரலு உண்டே... என்னா கணீருன்னு!" என்பார்கள். பெருங்கடவிளையில் ஒருவர் என் கையையே பிடித்துக்கொண்டார். இருட்டில் முகம் தெரியாது, குரல்தானே எல்லாம் என்று நானும் ஷோவுக்கு ஷோ கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனேன்.

கடலோர ஊரான பொழியூரில் சர்ச் ஹாலுக்குள் கூடாரம் போட்டிருந்தோம். ஸெலின் என்ற பெண் மகளோடு வந்தார். தோளில் ஒரு பெரிய பை.

"சாரே, பிள்ளைக்கு இருட்டுன்னா பேடி ஆக்கும், பயந்து அழுவா. நிலாவைக் கண்டா மாறும்னு கூட்டிட்டு வந்தேன். கொஞ்சம் மெதுவா சொல்லுவீயளா?"

"பாத்துக்கலாம்மா" என்றேன், மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டே. கேட்டேனா? காதில் விழுந்தது... அவ்வளவுதான்.

ஷோவில் நிலா கடலை இழுக்கிற இடம் வந்தது. அலைச் சத்தத்தைப் போட்டேன். அடிவயிற்றிலிருந்து எடுத்து விட்டேன் — "கவனம்! இதோ... கடல் பொங்குகிறது! கரையை நோக்கி வருகிறது!"

கைதட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

"எலே, எழும்பு! ஓடு!" என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு பாய்ந்ததில் வாசல் ஜிப் முழுக்கத் திறந்துகொண்டது. காற்று போயிற்று. நட்சத்திரங்களோடு கூடாரம் மெல்லத் தலைமேல் படுத்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. கடைசியாக நான், மைக்கோடு, தவழ்ந்து வெளியே வந்தேன்.

ஹால் வாசலில் ஸெலின் நின்றிருந்தார். ஒரு கையில் விம்மி அழும் மகள். இன்னொரு கையில் அந்தப் பை.

"கடலு கரைக்குக் கேறும்போ போலீஸ் ஜீப்பு வந்து மைக்கில இப்படித்தான் சொல்லும், சாரே. இதே சத்தம். எங்க வீட்டுக்க முன்பக்கத்தைக் கடலு கொண்டுபோன அன்னைக்கும் இதைக் கேட்டுத்தான் ஓடினோம். இவளுக்கு இருட்டு பேடியானதும் அன்னைக்குத்தான். ரேஷன் கார்டு, ஆதாரு, பிள்ளைக்க உடுப்பு எல்லாம் இப்ப இந்தப் பையிலதான். எங்க போனாலும் கையில உண்டு."

வெட்கத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று, மெதுவாகச் சொல்லுங்கள் என்று. எனக்கோ கைதட்டல் வேண்டியிருந்தது. அதற்காக ஒரு குழந்தையை மறுபடியும் அந்த நாளுக்கே துரத்திவிட்டேனே! யாரைக் குறை சொல்ல?

"மன்னிச்சிருங்கம்மா..." குரல் எழும்பவே இல்லை.

ஸெலின் மகளின் கண்ணைத் துடைத்தார். "இப்பப் பேசின இந்தச் சத்தம் போரும், சாரே. இவ நிலாவை முழுசா காணல்லை. ஒருக்கா கூடி காட்டுவீயளா?"

ஜஸ்டின் மறுபடி காற்றடைத்தான். மற்றவர்களும் திரும்பி உள்ளே வந்தார்கள். மைக்கைப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். உள்ளே போய் ஸெலினுக்கும் மகளுக்கும் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். ஃபேன் சத்தத்துக்கு மேலே கேட்கும் அளவுக்கு மட்டும் பேசினேன். "இப்ப லைட்டை அணைக்கப் போறேன் மக்கா. நான் இங்கதான் இருக்கேன். வாசல்ல ஜஸ்டின் மாமன் நிக்கான். சரியா?" அவள் "ம்" என்ற பிறகுதான் அணைத்தேன். அலைச் சத்தம் கிடையாது. ஒரு வரி சொல்லிவிட்டு, பார்க்க விட்டேன்.

"நாம நடந்தா அது ஏன் கூடவே வருது?" என்று கேட்டாள், நிலாவைக் காட்டி. அழுகை இல்லாத குரல்.

பதில் சொல்லிக்கொண்டே திரும்பினேன். அந்த நிலா வெளிச்சத்தில் தெரிந்தது... ஸெலின் மடியிலிருந்த பையை எடுத்துத் தரையில் வைத்தார்.

வெளியே வந்த எல்லாரும் நிலாவைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்கள். என் குரலைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை — அப்பாடா!