முதன்முறையாகப் பயன்படுத்துவோர் கவனத்துக்கு

அலுவலகத்தில் அவளுக்குச் 'சந்தேகம் மேடம்' என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் கூப்பிடாதவர்களும் இல்லை. வீட்டுச் சாதனங்களை மொத்தமாக வரவழைத்து, புதுப் பெட்டியில் போட்டு விற்கிற நிறுவனம் அது. பெட்டிக்குள் மடித்து வைக்கும் உபயோகக் குறிப்பை எழுதுவது அவள் வேலை. பதினொரு வருடமாக எழுதுகிறாள். எழுதியதை யாராவது படித்திருப்பார்களா என்றால், அதிலும் அவளுக்குச் சந்தேகம்தான்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. தன் கையால் செய்து பார்க்காத எதையும் குறிப்பில் எழுத மாட்டாள். ஒருமுறை வந்த இஸ்திரிப் பெட்டிக்கு, "சூடானதும் சிவப்பு விளக்கு எரியும்" என்று தயாரிப்பாளர் எழுதி அனுப்பியிருந்தார். இவள் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் நாலு சட்டை தேய்த்தாள். சூடானதும் விளக்கு அணைந்தது. அச்சடித்து வைத்திருந்த நாலாயிரம் தாளும் குப்பைக்குப் போயின. அதற்குப் பிறகுதான் குறிப்பின் கடைசியில் 'சோதித்தவர்' என்று ஒரு கட்டம் வந்தது. அவள் கையெழுத்து அதில் விழாமல் எந்தப் பெட்டியையும் ஒட்ட முடியாது. அந்தக் கட்டத்தைக் கொண்டுவந்த மேலாளரே மாதம் ஒருமுறை அதை நினைத்து நொந்துகொள்வார்.

ஒரு திங்கட்கிழமை அந்த மேலாளர் ஒரு சின்னப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு அவள் மேசைக்கு வந்தார். குண்டூசி வேண்டுமென்றாலும் ஆள் விட்டு அனுப்புகிறவர் அவர். அங்கேயே அவளுக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

"இது வந்து... உடம்புக்கான சாதனம். மசாஜ் மாதிரி."

"உடம்புல எங்க சார்?"

மேலாளர் ஜன்னலைப் பார்த்தார். "அதுல போட்டிருக்காங்க, படிச்சுக்குங்க. லேடீஸ் அயிட்டம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். இதையெல்லாம் சோதிச்சுக்கிட்டு இருக்க வேணாம், சும்மா கையெழுத்துப் போட்டுடுங்க."

சோதிக்க வேண்டாம் என்று பதினொரு வருடத்தில் யாரும் அவளிடம் சொன்னதில்லை. எதையோ பூசி மெழுகுகிறார் என்று நினைத்துக்கொண்டே பெட்டியைப் பிரித்தாள். கட்டைவிரலைவிடக் கொஞ்சம் நீளமாக, கத்தரிப்பூ நிறத்தில், மெத்தென்ற சிலிக்கான் உறை போட்ட ஒன்று இருந்தது. ஒரே ஒரு பொத்தான். சார்ஜ் போடுகிற ஒயர். கூடவே தயாரிப்பாளரின் தாள்: 'பெண்களின் அந்தரங்க இன்பத்துக்கான அதிர்வுக் கருவி. முதல் உபயோகத்திலேயே உச்சம் உறுதி.'

அந்த 'உறுதி'யில் அவள் கண் மாட்டிக்கொண்டது. போன வருடம் வந்த முடி வளர்க்கும் தொப்பியிலும் இதே உறுதி இருந்தது. கணக்குப் பிரிவுக்காரர் மூன்று மாதம் அதை மாட்டிக்கொண்டு திரிந்தார். தலை அப்படியேதான் இருந்தது. மனுஷனுக்குக் காதுக்குப் பின்னால் கொப்புளம் வந்ததுதான் மிச்சம்.

பக்கத்து மேசையில் புகார் கேட்கும் பெண் இருந்தாள். நாள் முழுவதும் தொலைபேசியில் ஊரார் திட்டைக் கேட்பது அவள் பிழைப்பு. தாளை எட்டிப் படித்தவள் சிரிப்பாள் என்று பார்த்தால், சிரிக்கவில்லை.

"அக்கா, மிக்ஸி ஓடலைன்னா பிளக்கைப் பாருங்கன்னு சொல்லுவேன். இதை வாங்கிட்டு ஒருத்தி போன் பண்ணி, எனக்கு ஒண்ணுமே ஆகலைங்கன்னு அழுதா நான் என்னக்கா சொல்றது? உறுதின்னு வேற போட்டிருக்கு. குறை தன்கிட்டதான்னு நினைச்சுக்க மாட்டாளா?"

"நினைச்சுக்குவா," என்றாள் சந்தேகம் மேடம். சொல்லிவிட்டுத் தாளை வேகமாக மடித்தாள்.

அவளுக்கு நாற்பத்து நாலு வயது. கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரே மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அந்தத் தாளில் சொன்ன உச்சம் என்பது அவளுக்கு ஒருமுறைகூட வாய்த்ததில்லை. முதலில் அப்படி ஒன்று இருப்பதையே அவள் சந்தேகப்பட்டாள். யாரோ கட்டிவிட்ட கதை என்று வைத்துக்கொண்டாள். பிறகு சந்தேகம் தன் மேலேயே திரும்பியது. மற்ற பெண்களுக்கெல்லாம் இருக்கிற ஏதோ ஒன்று தனக்கு மட்டும் பிறவியிலேயே விட்டுப்போய்விட்டது போல என்று முடிவு கட்டினாள். கல்யாணமான புதிதில் கணவன், "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டபோது "ம்" என்றிருந்தாள். ஒருமுறை சொன்னதை அடுத்த முறை எப்படி மாற்றுவது? அந்த "ம்" அப்படியே நிலைத்துவிட்டது. நாளாக ஆக அதற்குத் தோதாகக் கொஞ்சம் பெருமூச்சும் சேர்ந்துகொண்டது.

இப்போது இந்தக் கருவி சொல்லிவிடும். குறை தன் உடம்பில்தான் என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது? ஆனாலும் செய்து பார்க்காமல் கையெழுத்துப் போட அவள் கை எழவில்லை. சாப்பாட்டுப் பையில் டப்பாவுக்கு அடியில் வைத்து வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

புதன்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்தாள். மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டில் யாரும் இல்லை. கதவைத் தாழிட்டாள், திரையை இழுத்துவிட்டாள். கருவியைச் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் விட்டுக் கழுவித் துடைத்தாள். பேனாவும் நோட்டும் தலைமாட்டில் தயாராக இருந்தன. முதலில் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். வண்டு ஒன்றைப் பொத்திப் பிடித்ததுபோல இருந்தது. சத்தம் சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போகுமோ என்று எழுந்துபோய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வந்தாள். தண்ணீர் வீணாகிறதே என்று மறுபடி போய் மூடினாள். பிறகு நேரம் போகிறதென்று வேகத்தை ஒரேயடியாக உச்சத்தில் வைத்து, தாளிலிருந்த படத்தில் அம்புக்குறி போட்டிருந்த இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி கடிகாரத்தைப் பார்த்திருந்தாள். பதினொரு நிமிடம். மரத்துப்போனதுதான் கண்ட பலன்.

நோட்டில் 'பலன் இல்லை' என்று எழுதினாள். எழுதி முடித்ததும் அழுகை வந்தது. சந்தேகப்பட்டது சரியாகப் போய்விட்டதே என்று அவள் அழுதது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை பல் தேய்க்கும்போது தொழில்புத்தி விழித்துக்கொண்டது. ஒரு சாதனம் ஓடவில்லை என்றால் எடுத்தவுடன் சாதனத்தையோ ஆளையோ குறை சொல்வாளா? உபயோகித்த முறை சரியா என்றல்லவா முதலில் பார்ப்பாள்! நேற்றுச் செய்ததை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாள். அத்தனையும் கோளாறு. தாளின் கடைசியில் எறும்பு எழுத்தில் ஒன்று போட்டிருந்தது: தண்ணீரில் கரையும் வழுவழுப்பு ஜெல்லைத் தடவிக்கொள்ளவும்; மற்றவை உறையைக் கெடுக்கலாம். மருந்துக்கடையில் அதைக் கேட்டபோது கடைக்காரர் அவளை இரண்டு தரம் பார்த்தார். இருமல் மருந்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டாள், எதற்கென்று அவளுக்கே தெரியாது.

வியாழக்கிழமை மறுபடி அரைநாள் விடுப்பு. இந்தத் தடவை நோட்டைச் சமையலறையில் விட்டுவிட்டாள். கடிகாரத்தைத் திருப்பி வைத்தாள். முதலில் உடைக்கு மேலேயே, இருப்பதிலேயே குறைந்த வேகத்தில், தொடையிலிருந்து மெல்ல ஆரம்பித்தாள். அம்புக்குறி போட்ட இடத்துக்கு நேரே போகாமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். உள்ளே செலுத்த வேண்டியதில்லை, வெளியிலேயே போதும் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஜெல்லைத் தடவியதும் உறுத்தல் நின்றுபோனது. அழுத்தவில்லை, தொட்டும் தொடாமலும் பிடித்திருந்தாள். மூச்சு தானாக மாறியபோது அதைக் கவனிக்க ஆளில்லை என்பதால் அவளும் கவனிக்கவில்லை.

அடுத்து நடந்ததை அவள் குறிப்பில் எழுதவில்லை, நானும் எழுதப்போவதில்லை. நடந்தது. அவ்வளவு போதும். முடிந்ததும் தனியாகப் படுத்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தாள். தன்னிடம் எதுவும் குறைச்சல் இல்லை என்ற சந்தோஷம் அது. சிரிப்பு அடங்கியதும், பத்தொன்பது வருடம் என்ற எண்ணம் வந்து கோபம் பொங்கியது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அதே நேரத்தில் கதவு தட்டப்பட்டது. பழுதுபார்க்கப் போன லிஃப்ட் தானே சரியாகிவிட்டதாம், கணவன் சீக்கிரம் வந்துவிட்டான். கதவைத் திறக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவன் செருப்பைக் கழற்றாமல் நின்றான். மோட்டார் சத்தத்தை வைத்தே எந்தத் தளத்தில் எந்தக் கோளாறு என்று சொல்லிவிடுகிறவன் அவன்.

"உள்ள என்ன மோட்டார் ஓடுச்சு?"

"ஆபீஸ் சாம்பிள். கழுத்து வலிக்கு."

"சிரிச்ச சத்தமும் கேட்டுச்சே."

"போன்ல பேசிட்டிருந்தேன்."

கலைந்த முடியையும் திரை இழுத்த ஜன்னலையும் அவன் பார்த்தான். மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் அன்று சாயந்திரம் அவள் போன் மேசையில் வைத்த இடத்தைவிட ஒரு சாண் தள்ளி இருந்தது. சந்தேகம் என்பது அவள் ஒருத்தியின் சொத்தாக இருந்த வீட்டில் இப்போது அவனுக்கும் பங்கு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை செருப்பு மாட்டும்போது, "நேத்து வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டான். "யாரும் வரல," என்றாள். அவன் நம்பவில்லை என்பது முதுகிலேயே தெரிந்தது.

அன்றைக்கு அலுவலகத்தில் குறிப்பை எழுதி, கட்டத்தில் கையெழுத்தும் போட்டு நீட்டினாள். மேலாளர் படிக்கப் படிக்கக் காது சிவந்தது. "அந்த உறுதியை எங்கம்மா காணோம்?" என்று மட்டும் கேட்டார். "அது பொய் சார்," என்றாள். மென்று விழுங்கிக்கொண்டு அச்சுக்கு அனுப்பிவிட்டார். சாயந்திரம் அச்சாகி வந்ததில் ஒரு தாளை அவள் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்தவள், கணவன் கட்டிலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அவளுடைய கைப்பை வாய் பிளந்து கிடந்தது. ஒரு கையில் அந்தக் கருவி, இன்னொரு கையில் அச்சுத் தாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டவன் முகம் அவனுக்கு இல்லை. தாளைச் சத்தமாகப் படித்தான்.

"'முதல் தடவை ஒன்றும் தோன்றாமல் போகலாம். அவசரப்பட வேண்டாம். வேகத்தைக் குறைத்து, அழுத்தாமல், உங்களுக்குப் பிடித்த இடத்தை நீங்களே தேடுங்கள். மரத்துப்போனால் நிறுத்திவிட்டு இன்னொரு நாள் பாருங்கள். சிலருக்குப் பல வருடங்களாகவே தோன்றாமல் இருந்திருக்கலாம். அது உங்கள் குறை அல்ல.'" நிமிர்ந்தான். "நீ பண்ணிப் பாக்காததை எழுத மாட்டியே. இந்தப் பல வருஷம்னு போட்டிருக்கியே, அது யாருக்கு?"

"எனக்குத்தான்."

"எத்தனை வருஷம்?"

"பத்தொன்பது."

அவன் தாளை மடியில் வைத்தான். "நான் கேக்கும்போதெல்லாம் நீ..."

"பொய்."

கருவியைக் கைப்பைக்குள் திரும்ப வைத்தான். "எவனோ வந்துட்டுப் போறான்னு நினைச்சேன்," என்றான். "அப்படி இருந்திருந்தா அவனை நாலு மிதி மிதிச்சிருப்பேன். இப்ப நான் யாரைப் போய் மிதிக்கிறது?" மடியிலிருந்த தாளை மடித்தான். "இனிமே நீ நல்லா இருக்குன்னு சொன்னா நான் எப்படி நம்புவேன்?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஒரு விளக்கு எரிகிறதா அணைகிறதா என்பதற்காக நாலாயிரம் தாளைக் குப்பையில் போட வைத்தவள் அவள். வீட்டில் மட்டும் ஒரே பொய்யைப் பத்தொன்பது வருடம் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நம்ப வேணாம். கேளுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்றேன்."

"இப்பவே கேக்கறேன். இத்தனை வருஷத்துல என்கூட இருந்ததுல ஒண்ணாவது உனக்குப் பிடிச்சிருந்துச்சா?"

வழக்கமான பதில் வாய்வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு யோசித்தாள். அவன் தரையைப் பார்த்தபடி காத்திருந்தான்.

"தூக்கம் வர்ற நேரத்துல என் தலைமுடியைக் கோதிக் குடுப்பீங்களே, அது பிடிக்கும்," என்றாள். "மத்ததெல்லாம் எப்ப முடியும்னுதான் இருக்கும்."

அவன் மெல்லத் தலையாட்டினான். அவன் முகம் சுருங்கிப்போனதைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது, ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை. அத்தனை வருடத்தில் அவள் சொன்ன பதிலில் அவனுக்கு வலித்தது அது ஒன்றுதான். அதை மட்டும் அவன் அப்படியே நம்பினான்.