வந்தவர் போனவர் கணக்கு

எங்கள் நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவு என்றாலே எல்லோருக்கும் இளக்காரம்தான். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை ஜன்னல் வைத்த அறை. மேலே யாராவது தடதடவென்று இறங்கினால் மேசையில் சுண்ணாம்புத் தூள் கொட்டும். மற்ற பிரிவுகளில் சண்டை போட்டவர்களைத்தான் அங்கே தள்ளுவார்கள். அக்கா ஒருவர்தான் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. ஆபீஸ் முழுக்க அவரைச் சென்சஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். உண்மையில் என்னைவிட இரண்டு வயது சின்னவர். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நான் எதிர் அறையில், குடிநீர் இணைப்புப் பிரிவில் இருந்தேன். பதிவுப் பிரிவில் அக்காவுக்கு முன் இருந்தவர்கள் சான்றிதழ் எழுதிக் கொடுப்பதோடு சரி. அக்கா பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் கட்டம் போட்டு, வார்டு வாரியாக, வருஷ வாரியாக எழுதிச் சுவரில் ஒட்டுவார். பிறந்தவர் மேலே, இறந்தவர் கீழே. யாரும் கேட்காத வேலையை எதற்கு இழுத்துப் போட்டுக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். ஊர் வளருதா தேயுதான்னு ஒருத்தராவது பாத்துக்கிட்டு இருக்கணுமே என்றார்.

புதிதாக வந்த ஆணையர் அந்தத் தாள்களைப் பார்த்து அசந்துபோனார். சுத்தமாக டைப் செய்து தரச் சொன்னார். அக்காவும் பெருமையோடு கையெழுத்திட்டுக் கொடுத்தார். இரண்டே மாதத்தில் அதுவே வினையாக வந்து நின்றது. கால்வாய் ஓரத்து வார்டில் பிறப்பு ஆறு வருஷத்தில் நூற்று நாற்பத்திரண்டிலிருந்து ஐம்பத்தெட்டாக இறங்கியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, அங்கிருக்கும் தொடக்கப் பள்ளியைப் படிப்படியாக மூடி, கட்டடத்தைக் கோப்புக் கிடங்காக்கலாம் என்று ஆணையர் முடிவு செய்துவிட்டார். ஆதாரம், அக்காவின் பட்டியல்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது நான் வழக்கம்போல் என் வேலையை நொந்துகொண்டிருந்தேன். அந்தக் கால்வாய் வார்டுக்காரர்கள் புது இணைப்பு கேட்டு என் உயிரை வாங்குகிறார்கள், இந்த வருஷம் மட்டும் இருநூறு மனு என்றேன். அக்கா பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடினார்.

"ஆள் குறையுற இடத்துல எதுக்குத் தண்ணி கேக்கறாங்க?"

அவர் எழுந்து போய்ப் பதிவேடுகளை இறக்கினார். சாயங்காலத்துக்குள் விஷயம் பிடிபட்டுவிட்டது. குழந்தை எங்கே பிறக்கிறதோ அந்த ஊர்ப் பதிவேட்டில்தான் ஏறும். அந்த வார்டில் இருந்த பிரசவ ஆஸ்பத்திரியை மூடி நான்கு வருஷம் ஆகிறது. அதிலிருந்து பாதிப் பெண்களாவது பக்கத்து ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார்கள். பிள்ளை அங்கே பிறந்து, அங்கே பதிவாகி, மூன்றாம் நாள் அம்மா மடியில் இங்கே வந்து வளர்கிறது. போதாததற்கு, ஆற்றுக்கு அக்கரையில் ஆடைத் தொழிற்சாலை ஒன்று திறந்திருந்தார்கள். அங்கே வேலைக்கு வந்த இளம் தம்பதிகள் கைக்குழந்தையோடு வந்து கால்வாய் ஓரத்தில் குடியேறியிருந்தார்கள்.

"பொறந்ததையும் எறந்ததையும் எழுதினேன். வந்ததையும் போனதையும் கோட்டை விட்டுட்டேன்" என்றார் அக்கா. சொல்லும்போது முகம் சிவந்திருந்தது.

மறுநாள் காலை ஆணையர் அறைக்குப் போனார். குடிநீர் மனுக்களைச் சுமந்துகொண்டு நானும் பின்னால் போனேன். ஆணையர் பட்டியலைத் திருப்பி அக்கா பக்கம் வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"என் கையெழுத்துதான் சார். தப்பும் என்னோடதுதான். ஒரு வாரம் குடுங்க, சரியான எண்ணிக்கையோட வர்றேன்."

வெள்ளிக்கிழமை கூட்டம் இருப்பதால் நான்கு நாள்தான் கிடைத்தது. அக்கா நேராகத் தடுப்பூசி நர்ஸிடம் போனார். அந்த அம்மாளின் நோட்டில் பிள்ளைகள் வீட்டு முகவரி வாரியாக இருந்தார்கள். எங்கே பிறந்தார்கள் என்ற கேள்வியே அதில் கிடையாது. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் அந்த வார்டின் பதினாலு தெருவும் ஏறி இறங்கினார்கள். வீட்டுக்கு இரண்டே கேள்வி: பிள்ளைக்கு என்ன வயசு, மூன்று வருஷம் கழித்தும் இங்கே இருப்பீர்களா. ஒரு வீட்டில், வாடகையை ஏத்தினால் போய்விடுவோம், ஏத்தாவிட்டால் இருப்போம் என்றார்கள். அந்தப் பிள்ளைக்கு நேரே அக்கா 'அரை' என்று எழுதியதைப் பார்த்து நர்ஸ் சிரித்துவிட்டார். பிறகு போகிறவர் பக்கமே சேர்த்துக்கொண்டார்கள். அந்த நான்கு நாளும் அக்கா வீட்டில் சமையல், பஸ் ஓட்டும் கணவர் பொறுப்பு. அம்மா எப்போது எண்ணி முடிப்பாள் என்று மகள் ஆபீசுக்கே போன் செய்து கேட்டாள்.

வெள்ளிக்கிழமை அக்கா கணக்கோடு போனார். அந்த வார்டில் இரண்டு வயது முடிந்து மூன்று நடக்கும் பிள்ளைகள் நூற்றுப் பதினெட்டு. போய்விடுவோம் என்று சொன்ன வீட்டுப் பிள்ளைகள் இருபத்துநாலு. மீதி தொண்ணூற்று நாலு.

"மூணு வருஷத்துல ஒண்ணாம் வகுப்புக்குத் தொண்ணூத்தி நாலு பிள்ளைங்க வந்து நிப்பாங்க சார். அஞ்சு கூடலாம், அஞ்சு குறையலாம்."

"வரலைன்னா?"

"அப்ப மூடுங்க. நானே எழுதித் தர்றேன்."

ஆணையர் கோப்பைத் தன் மேசைக்கு இழுத்துக்கொண்டார். பள்ளி தப்பியது.

மூன்று வருஷம் கழித்துச் சேர்க்கை முடிந்த அன்று தலைமையாசிரியை போன் செய்தார். நூற்று ஒன்பது பிள்ளைகள், பெஞ்சு போதவில்லை என்றார். நாங்கள் கைதட்டினோம். அக்காவுக்கு அத்தனை சந்தோஷம் இல்லை. பதினைந்து எப்படிக் கூடியது என்று மறுபடி தெருவுக்குக் கிளம்பிவிட்டார். போகிறோம் என்று சொன்னவர்களில் பாதிக்கு மேல் போகவே இல்லை. பிறப்பையும் இறப்பையும் நம்பலாம், மனுஷன் வாயை நம்பி எழுதக் கூடாது என்று திரும்பி வந்து சொன்னார். அதன் பிறகு போகிறேன் என்பவர்களை அவர் பாதியாகத்தான் எண்ணுவார்.

அடுத்த வருஷம் பழைய கடைவீதி வார்டுக்கு அதே முறையில் எண்ணினார். அங்கே விஷயம் தலைகீழ். இளசுகள் எல்லாம் பெரிய ஊர்களுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். ஐந்து வருஷத்தில் பள்ளியில் சேரப் பதினொரு பிள்ளைதான் இருக்கும். இந்த முறை மூடச் சொல்லி எழுதியதே அக்காதான். அக்காவின் கூடப்பிறந்த அக்கா குடியிருப்பது அந்தப் பள்ளி இருக்கும் தெருவில். ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"எங்க பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போட உனக்கு எப்படிடீ மனசு வந்துச்சு?"

"உன் பிள்ளைங்க ரெண்டு பேரும் இப்ப எங்க இருக்காங்க, அக்கா?"

மூத்தவர் விருட்டென்று எழுந்து போனார். இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் அக்கா அந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தார். அந்த வார்டில் அறுபது தாண்டியவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். கட்டடத்தைக் கிடங்காக்காமல், வாரம் இரண்டு நாள் டாக்டர் வந்து பார்க்கும் இடமாக்க வேண்டும். அதற்கும் ஆணையர் கையெழுத்துப் போட்டார்.

அது திறந்த இரண்டாம் வாரம் அக்காவின் மேசையில் போன் அடித்தது. எதிர் அறையில் இருந்த எனக்கே அவருடைய அக்காவின் குரல் கேட்டது. முழங்கால் வலிக்குப் போயிருந்தாராம். டாக்டர் பொறுமையாகப் பார்க்கிறார், மருந்தும் கேட்கிறது, ஆனால் உட்காரத்தான் நாற்காலி இல்லை, ஒரு மணி நேரம் நின்றேன் என்றார். இத்தனை பேர் வருவார்கள் என்று உனக்குத் தெரியாதா என்று வேறு கேட்டார்.

"தெரியும்க்கா. நாற்காலிக்கும் எழுதியிருக்கேன். திங்கட்கிழமை வந்துடும்" என்றார் சென்சஸ் அக்கா. போனை வைத்துவிட்டு, சுவரிலிருந்த கடைவீதித் தாளில் அந்த வாரத்து இரண்டு இறப்பையும், மகனிடம் குடிபோன ஒரு கிழவரையும் பென்சிலால் குறித்தார்.