பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள்

டில்லியில் ஆசிய நாடுகளெல்லாம் கூடி விளையாட்டுப் போட்டியைத் தொடங்கிய விழாவை நான் திருவொற்றியூரில், மணல் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். பிற்காலத்தில் டிக்கெட் இல்லாமல் ரயிலேறி டில்லிக்கே போய் மூட்டை தூக்கியிருக்கிறேன். அந்த மைதானத்து மதிலோரம் படுத்தும் இருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் அது வெறும் சுவர். டென்ட் சினிமாக் கொட்டகையில் பார்த்ததுதான் விழா.

சேதியைக் கொண்டுவந்தவர் அம்மாவின் அண்ணன், துறைமுகத்தில் சரக்கு இறக்கும் மாமா.

"கொட்டாய்ல படத்துக்கு முன்னாடி சர்க்கார் படம் காட்றான். டில்லியில பர்மாக்காரங்க நடந்து வராங்களாம். மூஞ்சிங்கோ தெளிவா தெரியுதாம்!"

எங்கள் பக்கத்தில் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் என்றால் ஒரே அர்த்தம்தான். யுத்தத்தில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டபோது, கப்பலில் இடம் கிடைக்காமல் காட்டையும் மலையையும் காலால் கடந்தவர்கள். எங்கள் காலடிப்பேட்டையில் அப்படி வந்து சேர்ந்தவர்கள் சிலர் இருந்தார்கள். சித்தப்பா வந்து சேராதவர். அம்மாவின் தங்கையான சித்தியை மட்டும் கப்பலேற்றிவிட்டு, நடந்தாவது வந்துவிடுகிறேன் என்றாராம். அப்போது நான் கைக்குழந்தை. யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரனும் போய், நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடக் கற்றுக்கொண்ட பிறகும் அவர் வரவில்லை. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் யார் இன்னும் நடந்துகொண்டிருப்பார்கள் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. டில்லி ரொம்ப தூரம் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ராயபுரத்தில் கயிறும் தூண்டில் முள்ளும் விற்கிற ஒருவர், மனைவியை இழந்தவர், சித்தியைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தார். அவர் கடை வாசலில்தான் சித்தி மீன் விற்பாள். வெயில் ஏறினால் அவர் பேசாமல் எழுந்துவந்து அவள் தலைக்கு மேல் ஒரு சாக்குப் படுதாவை இழுத்துக் கட்டிவிட்டுப் போவார். அறுத்துக் கட்டுவது எங்கள் ஜனங்களுக்குப் புதிதில்லை. தாலியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவள் சித்திதான்.

"இன்னிக்கு கண்ணால பாத்துடு. கீறான்னா நானே டில்லிக்குப் போயி இட்டாந்துடறேன். இல்லன்னா கடைக்காரருக்கு சரின்னு சொல்லிடுவேன். அந்தாளும் எத்தினி நாளு காத்துகினு இருப்பாரு?" என்றார் மாமா.

சித்தி தலையை ஆட்டினாள். தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு கிளம்பினாள்.

கொட்டகையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் ஒரு ஓலைத் தட்டி. நான் பெண்கள் பக்கம், சித்திக்கும் அம்மாவுக்கும் இடையில். சர்க்காரின் செய்திப்படம் ஓடும்போது யாரும் திரையைப் பார்ப்பதில்லை. மணலைக் குவித்து உயரமாக உட்காருவதற்கும், முன்னால் இருப்பவளின் கொண்டையைத் திட்டுவதற்கும் உரிய நேரம் அது.

"இன்னாமே, சர்க்கார் படத்துக்கே இப்படி கண்ண விரிச்சிகினு குந்திகினுகீறே? உங்க வூட்டுக்காரரா ராஜா வேசம் கட்றாரு?" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. அம்மா திரும்பி முறைத்தாள்.

திரையில் ஒரு பெரிய மைதானம் வந்தது. எண்ணூர்க் கடற்கரையைச் சுற்றிலும் படிக்கட்டு வைத்து ஜனங்களை உட்கார வைத்தது போலிருந்தது. கொடிகள் பறந்தன. பேண்டு முழங்கியது. வெள்ளை உடுப்பில் ஒருவன் கையில் நெருப்பைப் பிடித்துக்கொண்டு ஓடினான்; அது அணையவே இல்லை. நான் வாய் பிளந்துவிட்டேன். பிறகு ஒவ்வொரு நாடாக வரிசையில் நடக்க ஆரம்பித்தது. இரண்டாவதாகவே வந்துவிட்டது: "இதோ, பர்மா நாட்டினர் நடந்து வருகிறார்கள்" என்றது கணீர்க் குரல்.

நான் சித்தியைப் பார்த்தேன். அவள் கண்களை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள். திரை வெளிச்சம் அவள் இமைகளின் மேல் விட்டுவிட்டு அடித்தது. என் மணிக்கட்டை அவள் பிடித்திருந்த பிடியில் எனக்கு வலித்தது. அவர்கள் கடந்துபோய், வேறு நாட்டின் பெயர் சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

ஜப்பான்காரர்களும் வந்தார்கள். கொட்டகையில் யாரோ கைதட்டினார்கள். "குண்டு போட்ட பாவியும் வந்துட்டான் பாரு, குளிச்சி முழுகி" என்றாள் அம்மா.

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து மாமாவின் குரல் கேட்டது. "யம்மே! கீறானா?"

"இல்லண்ணா."

"நல்லா பாத்தியா?"

"நல்லா பாத்துட்டேன். இல்ல."

சற்று நேரம் அங்கே ஏதோ குசுகுசுப்பு. பிறகு மாமா தட்டியின் மேல் தலையை நீட்டினார். அசடு வழிந்தது. "அவங்கோ நம்ம ஆளுங்களே இல்லியாம். பர்மாவுல பொறந்த பர்மாக்காரங்களாம். ஓட்டப்பந்தயம் ஓட வந்துகீறாங்கோ."

"எவனாயிருந்தா இன்னா?" என்றாள் சித்தி. "பாக்கச் சொன்னே, பாத்துட்டேன். நாளைக்கு கடைக்காரர்கிட்ட போயி பேசு."

அவள் எழுந்து மணலைத் தட்டிவிட்டாள். படம் பார்க்க அவளுக்கு மனமில்லை. காசு கொடுத்த டிக்கெட்டை வீணாக்க அம்மாவுக்கும் மாமாவுக்கும் மனமில்லை. ஆகவே சித்திக்குத் துணையாக நான் அனுப்பப்பட்டேன். வாசல்காரன், "இன்னாமே, இப்பத்தான் படமே ஆரம்பிக்கிது" என்று எங்களை வினோதமாகப் பார்த்தான்.

தெருமுனை வரைக்கும்தான் வந்திருப்போம். எனக்குப் பொறுக்கவில்லை.

"சித்தி, பர்மா வந்தப்ப நீ கண்ண மூடிகினு இருந்தியே."

அவள் நடை ஒரு கணம் நின்றது. "தூசுடா" என்றாள்.

எனக்கு அவள்மேல் பரிதாபமாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்து, ஒரு மணல் தூசால் முக்கியமானதைத் தவறவிட்டுவிட்டாளே! நாளைக்கும் இதே படத்தைக் காட்டுவான், மறுபடியும் போகலாம் என்றேன். வேண்டாம் என்றாள். சரி, நானாவது அவளுக்குச் சொல்லிவிடுவோம் என்று கொடி பிடித்தவனில் ஆரம்பித்தேன். தலையில் சின்ன முண்டாசு, அவனுக்குப் பின்னால் ஒரு நெட்டை ஆள், அதற்கும் பின்னால் ஒருத்தன், ஒல்லியாக, காது கொஞ்சம் தூக்கினாற்போல—

"போதும்டா கண்ணு" என்றாள் சித்தி. "ஜப்பான்காரன் எப்படி நடந்தான்? அத்த சொல்லு."

அதைச் சொன்னால் போதாது என்று பட்டது. கையை வீசி, நெஞ்சை நிமிர்த்தி, வீடு வரைக்கும் அவளுக்கு முன்னால் ஜப்பான்காரனைப் போலவே நடந்து காட்டிக்கொண்டு வந்தேன்.