கமலா அக்கா வீட்டு வளைவு

மகளின் பென்சில் பெட்டியைத் திறக்கும்போது ரப்பர் வாசனை வந்தாலே, ஸ்ரீராம்புரத்தில் நாங்கள் இருந்த சந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமையும் நினைவுக்கு வந்துவிடும். சர்வே ஆபீசில் இருந்த அப்பா, பழைய மாட்டுவண்டிப் பாதைகளைத் தேடித் தேடி வரைந்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக் கமலா அக்காதான் தண்ணீர்க்குடத்தை நகர்த்தி, சமையலறைப் பாறைத்தரையில் வண்டிச்சக்கரம் தேய்த்த பள்ளத்தைப் பெருமையாகக் காட்டினார். அப்பா அந்தப் பள்ளத்தின் வழியே பாதைக்கோட்டை இழுத்த பிறகுதான், மறுநாள் ஆபீசுக்குப் போகும் அந்தப் படத்தில் பாதைமேல் இருக்கிற ஐந்து வீடுகளையும் பொதுவழி ஆக்கிரமிப்பு என்று இடிக்கச் சொல்வார்கள் என்று எல்லோருக்கும் உறைத்தது.

எங்கள் வாசலில் சந்தே கூடிவிட்டது.

"அண்ணா, கோடு என் அடுப்பு மேலயா போவுது?" என்றார் கமலா அக்கா.

"வண்டி போன வழியிலதானேம்மா போவும்."

"வண்டி எப்பவோ போயிடுச்சு. நாங்க இங்கதானே இருக்கோம்."

அப்பா ரப்பரை எடுத்தார். தாள் மெலிந்துபோகும்வரை தேய்த்துவிட்டு, ஐந்து வீடுகளையும் சுற்றிக் கோட்டை வளைத்தார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

இப்போது அங்கே அபார்ட்மென்ட். அப்பாவின் படத்தில் மட்டும், எந்த வண்டியும் போகாத அந்த வளைவுக்குள் கமலா அக்கா வீடு இருக்கிறது.