இரண்டாம் முறை கேட்காதவர்கள்

கனடாவின் கல்கரியில் எதையும் ஒருமுறைதான் கேட்பார்கள். வேலையில் சேர்ந்த முதல் நாள், கோப்பி வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். யாழ்ப்பாணத்துப் பழக்கத்தில் வேண்டாம் என்றேன். இன்னொருமுறை கேட்பார், அப்போது வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவர் தன் கோப்பையை நிரப்பிக்கொண்டு போய்விட்டார். எங்கள் ஊரில் முதல் 'வேண்டாம்' ஒரு பதிலே அல்ல, வெறும் மரியாதை. கேட்டவுடன் கை நீட்டினால் காணாததைக் கண்டதுபோல என்று சிரிப்பார்கள். கோப்பி போனால் போகட்டும். நாலு வருடம் கழித்துப் பிரிவுத் தலைவி பதவியையும் இப்படித்தான் தொலைத்தேன். பொறுப்பேற்கிறாயா என்று கேட்டபோது, என்னைவிட அனுபவசாலிகள் இருக்கிறார்களே என்றேன். அவர்களும் ஓர் அனுபவசாலியைத் தேடிப் போட்டுவிட்டார்கள். அன்று கழிவறைக்குள் நின்று அழுதேன். அதன்பிறகு, கேள்வி முடியுமுன்னே 'ஓம்' என்று சம்மதிக்கப் பழகிக்கொண்டேன். இன்று நான் அந்தக் கம்பனியின் உப தலைவர்.

போன மாதம் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்குப் போனேன். அங்கே நாங்கள் தொடங்கும் பலாச்சுளை பதனிடும் ஆலைக்கு ஒரு பொது முகாமையாளர் வேண்டும். என்னோடு தலைமையக அதிகாரி மார்க்கையும் அனுப்பினார்கள். ஊருக்குப் போனால் தன் ஆட்களுக்குத்தான் வேலை கொடுப்பாள் என்று தலைமையகத்தில் ஒரு கதை அடிபட்டது. மார்க் எழுதும் அறிக்கையில்தான் என் அடுத்த உயர்வு தங்கியிருந்தது. எல்லோரிடமும் ஒரே கேள்விகள், ஒவ்வொன்றும் ஒரேயொரு முறை என்பது விதி. அந்த விதியை எழுதியவளும் நான்தான்.

நேர்முகத்துக்கு வந்தவர்களில் யசோதா அதே ஊர்க்காரி, பதினொரு வருடம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தை நடத்தியவர். எந்த வளவில் எந்த மரம் எப்போது காய்க்கும் என்பதுவரை சொன்னார். எனக்குள் முடிவாகிவிட்டது. கடைசியாக மார்க், இந்த ஆலையை உங்களால் தனியாக நடத்த முடியுமா என்று கேட்டார். யசோதா என்னைப் பார்த்தபடி, என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கக்கூடும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். மார்க்கின் பேனா படிவத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தது.

யசோதாவின் கண் என்னை விட்டு அகலவில்லை. மறுபடி கேட்க வாயெடுத்தேன். மார்க் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நன்றி, நீங்கள் போகலாம் என்றேன். அடுத்து வந்த கொழும்பு இளைஞர், கேள்வி முடியுமுன்னே 'ஷுவர்' என்றார். பலா எந்த மாதம் காய்க்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை. மார்க்குக்கு அவரை நன்றாகப் பிடித்துப்போயிற்று.

மனம் கேட்காமல் வாசலுக்கு ஓடினேன். யசோதா இன்னும் ஸ்கூட்டரருகே நின்றார்.

"நீங்கள் இன்னொருக்கால் கேப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான், அக்கா. நீங்களும் எங்கடை பக்கத்து, வட்டுக்கோட்டை ஆள் எண்டு சொன்னவை."

"அங்கை கனடாவிலை ஒருக்கால்தான் கேக்கிறது, யசோதா."

"இது சாவகச்சேரியெல்லோ, அக்கா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

திரும்பிப் போய் மார்க்கிடம் எல்லாவற்றையும் விளக்கியிருக்கலாம். எனக்குப் பயம், வேறொன்றுமில்லை. நல்லூருக்குத் திரும்பும் வழியிலேயே வாகனத்துக்குள் இருந்தபடி அந்த இளைஞரின் நியமனக் கடிதத்தில் கையொப்பம் வைத்தேன்.

நல்லூரில் மச்சாள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். நான் களைத்து வந்து கதிரையில் இருந்ததும், தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டாள். வெயிலில் நாக்கு வறண்டிருந்தது. இத்தனை வருடமும் பழகிய ஓம் எங்கே போனதோ தெரியாது, வேண்டாம் மச்சாள் என்றுதான் வாயில் வந்தது.

அவள் குசினிக்குள் போய், ஏற்கெனவே தண்ணி வைத்திருந்த அடுப்பை நிற்பாட்டும் சத்தம் கேட்டது. "வெளிநாட்டிலை இருந்து வாறவை வேண்டாமெண்டால் வேண்டாம்தானப்பா" என்று தன் கணவருக்குச் சொன்னாள்.

நான் குசினி வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், இன்னொருமுறை கேட்பாள் என்று.